நடுவுல இருந்த பெட்டி

ஜன்னல் சீட்டை நீங்களே வெச்சுக்குங்க சார், எனக்கு வேண்டாம். வெளிய பார்த்துட்டே வந்தா மனசு எங்கெங்கயோ போகுது. இப்படி ஒக்காந்து நாலு வார்த்தை பேசிட்டு வந்தா ஊரு வந்துரும். நீங்களும் திண்டுக்கல்லுங்களா? நல்லதாப் போச்சு. கரூர்ல எறங்கறவர் பக்கத்துல ஒக்காந்தா பேச்சு பாதியில அறுந்து போயிருது.

எம் பேரு சென்னியப்பன். ஈரோடுதான். ஒரு வேலையாப் போறேன். என்ன வேலைன்னா, ஒளிச்சு என்ன ஆகப் போகுது, என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேனுங்க. மக வீட்டுல இருக்கா. பிரசவத்துக்குப் போனவ. கொழந்தைக்குத் தலை நிக்கட்டும்னா, நின்னுருச்சு. குப்புற விழட்டும்னா, விழுந்துருச்சு. இப்பத் தவழுதாம். அதுவும் ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருவாளா மாட்டாளான்னு தெரியாமயே பஸ் ஏறிட்டேன். சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சண்டைன்னா நாலு வார்த்தை திட்டுவாங்கல்ல? திட்டவே இல்லையே. திட்டியிருந்தா நான் போன மாசமே போயிருப்பேன்.

என் தொழிலா? ஒரு இன்ஜினியரிங் காலேஜுல நெட்வொர்க் பார்த்துட்டு இருந்தேன். எந்தக் காலேஜுன்னு வேண்டாம், உப்புத் தின்ன இடம். இப்ப அங்க இல்ல. அதுவும் ஒரு கதைதான். ரெண்டும் ஒரே வருஷத்துல நடந்துபோச்சு. ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது பாருங்க. வேலையை நான் வீட்டுக்குக் கொண்டுபோறவனே இல்ல.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். காலேஜுல ஹாஸ்டல் இருக்குது, ஆபீஸ் இருக்குது, பரீட்சை ஹால் இருக்குது. எல்லா வயரும் ஒரே சுவிட்ச் பெட்டிக்குத்தான் வருது. ஆனா ஹாஸ்டல் பசங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டா வம்பு. அதனால அந்தச் சுவிட்சுக்குள்ளயே ஹாஸ்டல் ஒரு வலை, ஆபீஸ் ஒரு வலைன்னு பிரிச்சிருவோம். வீலான்னு சொல்லுவாங்க. பிரிச்சாச்சுன்னா ஒண்ணு இன்னொண்ணைப் பார்க்கவே முடியாது. பக்கத்துப் பக்கத்து ரூமா இருந்தாலும் முடியாது. அப்ப ஆபீஸ்காரன் பரீட்சை ஹாலுக்கு ஒண்ணு அனுப்பணும்னா என்ன பண்றது? அங்கதான் நடுவுல என் ரௌட்டர் நிக்கும். சுவிட்சுல இருந்து ரௌட்டருக்கு ஒரே ஒரு வயர். அந்த ஒத்தை வயருக்குள்ளயே ஒவ்வொரு வலைக்கும் ஒரு வாசல் தெறந்து வெச்சிருப்பேன். சப் இன்டர்ஃபேஸ்னு பேரு. புள்ளி பத்து ஹாஸ்டல், புள்ளி இருபது ஆபீஸ், புள்ளி முப்பது பரீட்சை ஹால். பெட்டிக்கு உத்தரவு எழுதறப்ப மொதல் வரியில இது எந்த வலைன்னு நம்பர் சொல்லணும், அடுத்த வரியில விலாசம் குடுக்கணும். நம்பர் சொல்லாம விலாசம் குடுத்தா பெட்டி மூஞ்சியைத் திருப்பிக்கும். ரொம்ப ரோஷக்காரப் பெட்டிங்க அது.

ஆக, அந்தக் காலேஜுல யாரு யாரோட பேசணும்னாலும் எங்கிட்ட வந்துட்டுத்தான் போகணும். எதை விடலாம், எதை நிறுத்தலாம்னு நான் பார்த்து விடுவேன். பிரின்சிபால் அனுப்புனாலும் எங்கிட்ட வந்துட்டுத்தான் போகும். அவருக்கே அது தெரியாது. எனக்குத் தெரியும்.

சரி, வீட்டுக் கதைக்கு வர்றேன். எனக்கு ஒரே மக, கிருத்திகா. கூடப் படிச்ச பையனைக் கட்டிக்கிட்டா. ஜெரால்டுன்னு பேரு, திண்டுக்கல் பையன், தங்கமான பையன். எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மரகதத்துக்குத்தான், மரகதம் என் சம்சாரம், அவளுக்குத்தான் சாதி வேற, சாமி வேறன்னு தாங்கல. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல வெச்சு, "இனி எம் மூஞ்சியில முழிக்காத"ன்னு சொல்லிப்போட்டா. மக என்ன சொல்லியிருக்கணும்? அழுதிருக்கணும், கால்ல விழுந்திருக்கணும். "சரிங்க"ன்னா. அவ்வளவுதான். அம்மாளும் மகளும் ஒரே வார்ப்பு.

அன்னைக்கு இருந்து ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான். காலையில காலேஜுக்குப் போற வழியில வண்டியை ஓரங்கட்டி மகளுக்குப் போன் போடுவேன். சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மரகதம் காப்பியைக் கையில குடுத்துட்டு அப்படியே நிப்பா. வாயைத் தொறந்து கேக்க மாட்டா. நான் சொல்லணும்னு நிப்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ எம்பேச்சைக் கேக்க நின்னதே இல்லீங்க. சாதாரணமா நான் பேச ஆரம்பிச்சாலே மிக்சியைப் போட்டுருவா. அந்த மூணு நாலு வருஷந்தான் நின்னா. நான் மெதுவா ஆத்தி ஆத்திக் குடிச்சுட்டே சொல்லுவேன்.

எல்லாத்தையும் அப்படியே சொல்லிற முடியுமா? பார்த்துத்தான் விடணும். "அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா?"ன்னு மக கேப்பா. ஆமான்னு சொன்னா ஒடனே நேரா போன் போட்டுருவா. இவ ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, கை மீறிப் போயிரும். "இன்னும் ஆறல கண்ணு, நான் பக்குவமாப் பேசிட்டு இருக்கேன்"னு சொல்லுவேன். ஒரு நாள் மரகதம் கண்ணு கலங்கிப் போயி, "ஏனுங்க, அவளை ஒரு தடவை எங்கூடப் பேசச் சொல்லுங்களே"ன்னா. நான் சொல்லல. இன்னைக்கு அழுவா, நாளைக்கு மாறிட்டா? புள்ளைக்கில்ல வலிக்கும். மக தீபாவளிக்கு அம்மாளுக்குன்னு சேலை எடுத்து எங்கிட்டக் குடுத்தா. மாம்பழக் கலர், நல்ல சேலை. அவ எடுத்ததுன்னா மரகதம் கட்ட மாட்டாளேன்னு, நான் எடுத்ததுன்னு குடுத்தேன். மரகதம் அதிரசம் சுட்டு, "யாரு சுட்டதுன்னு சொல்லாதீங்க"ன்னு குடுத்தனுப்புனா. சொல்லல. கடையில வாங்குனேன்னேன். ரெண்டு பேருக்கும் நான் நல்லவன். இதுல என்னங்க தப்பு இருக்குது?

என்ன, சிரிக்கறீங்களா? இல்லீங்களா? சரி.

இப்படி ஓடிட்டு இருக்கறப்பத்தான் காலேஜுக்கு என்கூட நெட்வொர்க் பார்க்கச் சபீனா மேடம் வந்தாங்க. சின்ன வயசு, மரியாதை தெரிஞ்ச அம்மிணி. குறையே சொல்ல முடியாது, அதுதான் அவங்ககிட்ட எனக்கு இருந்த குறை. வந்து மொத மாசமே, "சார், புதுச் சுவிட்சு வாங்கியிருக்காங்களே, அதுவே வழி காட்டுமே. உள்ளயே ஒவ்வொரு வீலானுக்கும் ஒரு வீலான் இன்டர்ஃபேஸ் போட்டுட்டா அதுங்களே நேரா பேசிக்கும். எல்லாமே ரௌட்டர் வரைக்கும் போயிட்டு வர வேண்டியதில்ல"ன்னாங்க. "அப்ப ரௌட்டர் எதுக்கு?"ன்னு கேட்டேன். "வெளிய போறதுக்கு மட்டும் சார். அதுக்கும் பாரம் குறையும்." பாரமா இருக்குதுன்னு யாராவது சொன்னாங்களா? நான் சொன்னனா, என் பெட்டி சொல்லுச்சா?

ஒரே நாள்ல மாத்துனா காலேஜே நின்னுபோகும்னு ஒவ்வொரு வலையா மாத்துனாங்க. அதுல ஒரு கண்டிப்பு இருக்குது, கேளுங்க. ஹாஸ்டல் கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் வாசல் விலாசம் ஒண்ணுதான் தெரியும். அதே விலாசத்தைத்தான் சுவிட்சுல வீலான் இன்டர்ஃபேசுக்குக் குடுக்கறாங்க. அப்பத்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டரா போயி மாத்த வேண்டியதில்ல. அதனால, அங்க எழுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட இருக்கற சப் இன்டர்ஃபேசை மூடிரணும். ஒரே விலாசத்தை ரெண்டு பேரு வெச்சிருக்கக் கூடாது. அவங்க, "சார், புள்ளி பத்தை மூடிருங்க"ம்பாங்க. நான் மூடுவேன். என் கையாலயே மூட வெச்சாங்க, அதைச் சொல்லுங்க.

அந்த மாசத்துலயே காங்கேயத்துல எங்க சொந்தம், ஒரு ஒறம்பரை வீட்டுக் காதுகுத்து. மக வருவான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மரகதத்தைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன். மக முழுகாம இருந்தா, ஆறு மாசம். பந்தியில நான் சாம்பார் வாளியைத் தூக்கிட்டு ஒரு வரிசை முடிச்சுத் திரும்பறேன், ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து எலையில ஒக்காந்திருக்காங்க. யாரோ வேணும்னே ஒக்கார வெச்சுட்டாங்க. மரகதம் அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டியிருந்தா. மக பார்த்துட்டு, "நான் எடுத்த சேலை உங்களுக்கு நல்லாருக்குதும்மா"ன்னா. மரகதம் முந்தானையைத் தொட்டுப் பார்த்தா. என்னைத் திரும்பிப் பார்த்தா. வாளியோட நின்னேன். அப்புறம் எலையில அப்படியே கையை வெச்சுட்டு ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சாங்க. பேச்சுல அதிரசம் வந்துது, நான் போன்ல சொன்னது வந்துது, எல்லாம் வந்துது. ஒருத்தி ஒண்ணு சொல்றா, "அப்படியா சொன்னாரு?"ங்கறா இன்னொருத்தி. பந்தி முடிஞ்சு எலை எடுக்க ஆள் வந்து நிக்கறான், ரெண்டு பேரும் எழுந்திரிக்கல. நான் சாப்பிடாமயே வந்துட்டேன், யாரும் கேக்கல.

திட்டுவான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தை. "ஏனுங்க, நீங்க சொன்னதுல எது நெசம், எது நீங்களாச் சேர்த்ததுன்னு எனக்கு இப்பப் பிரிக்கத் தெரியல." அவ்வளவுதான். அதுக்கப்புறம் சாயங்காலம் காப்பி டம்ளர் டேபிள் மேல மூடி இருக்கும். அவ உள்ள மகளோட போன்ல சிரிச்சுப் பேசிட்டு இருப்பா. மக பிரசவத்துக்கு அவளை நானே கொண்டுபோயி விடறேன்னேன். வேண்டாம்னு தனியா பஸ் ஏறிட்டா. இதே பஸ்ஸாக்கூட இருக்கும்.

நீங்களே சொல்லுங்க, ரெண்டு பேரும் இன்னைக்கு ஒண்ணா இருக்காங்கன்னா அத்தனை வருஷம் ஒறவு அறுந்துபோகாம நடுவுல இழுத்துப் புடிச்சு வெச்சிருந்தது யாரு?

அவ போன பொறகு நான் காலேஜுலயே அதிக நேரம் இருந்தேன். வீட்டுக்குப் போயி என்ன பண்றது? அங்கயும் என் பெட்டி சும்மாத்தான் இருந்துது. பெட்டி முன்பக்கம் ஒரு பச்சை லைட்டு இருக்குமுங்க, போக்குவரத்து இருந்தா துடிச்சுட்டே இருக்கும். அந்தச் சமயத்துல எப்பவாச்சும் ஒரு தடவைதான் துடிக்கும், அப்புறம் நின்னுரும். நான் அது முன்னாடி சேர் போட்டு ஒக்காந்து பார்த்துட்டு இருப்பேன். பியூன் வந்து, "சார், அதுல என்ன தெரியுது?"ன்னு கேட்டுட்டுப் போவான்.

கடைசியா மூடுனது புள்ளி முப்பது, பரீட்சை ஹாலு. மாடல் பரீட்சை, கம்ப்யூட்டர்லயே எழுதறது. மறுநாள் காலையில பரீட்சை. நான் முந்தின நாள் சாயங்காலம் அதை மறுபடி தெறந்துட்டேன். ஒரே ஒரு வரிதான் அடிக்கணும், எழுந்திருச்சுரும். ஏன் தெறந்தீங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒரு பாதுகாப்புக்குங்க. புதுச் சுவிட்சு, என்ன ஆகுமோ, நம்ம பெட்டியும் பக்கத்துல இருக்கட்டும்னுதான். லைட்டும் துடிக்க ஆரம்பிச்சுது. பொய் சொல்லக் கூடாது, பார்க்கறதுக்கு நல்லா இருந்துது.

காலையில பசங்க வந்து ஒக்காந்தாங்க. பாதிப் பேருக்கு வினாத்தாள் வருது, பாதிப் பேருக்கு வெறும் திரை. வாசல் விலாசம் யாருதுன்னு கம்ப்யூட்டர் கேட்டா, சுவிட்சும் என் பெட்டியுமா ரெண்டு பேரு "நாந்தான்"னு கையைத் தூக்கறோம். சுவிட்சு பக்கம் போன கம்ப்யூட்டர் பொழைச்சுது. எங்கிட்ட வந்தது? வினாத்தாள் வெச்சிருக்கற சர்வர் ஆபீஸ்ல இருக்குது, அந்த ஆபீஸ் வாசலைத்தான் என்னை ஏற்கனவே மூட வெச்சுட்டாங்களே. வந்ததெல்லாம் எங்கிட்டயே வந்து நின்னுபோச்சு. ஒரு புள்ளை அழுதுட்டே வெளிய ஓடுச்சு.

சபீனா மேடம் சுவிட்சைப் பார்த்த ஒடனே கண்டுபுடிச்சுட்டாங்க. இந்த விலாசத்தை இன்னொருத்தரும் வெச்சிருக்காங்கன்னு அதுவே வரி வரியாப் பொலம்பியிருக்குது. நேரா எங்கிட்ட வந்து, யாருக்கும் கேக்காம, "சார், புள்ளி முப்பதை நீங்க எழுப்புனீங்களா?"ன்னாங்க. தானா எழுந்திருக்கும்னேன். அவங்க பிரின்சிபால்கிட்டப் போயி, "பழைய பெட்டி சார், கோளாறாயிருச்சு"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு வந்துதே கோவம்! என் பெட்டிக்குக் கோளாறா? இத்தனை வருஷத்துல ஒரு நாள் படுத்திருக்குமா? நான் எல்லார் முன்னாடியும், "பெட்டிக்கு ஒண்ணுமில்ல, நான்தான் தெறந்தேன்"னு கத்திட்டேன். அந்த அம்மிணி தலையைக் குனிஞ்சுட்டாங்க. ஏன்னு எனக்கு இன்னும் புரியல. ரெண்டு நாள் கழிச்சு, "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க சார்"னு பிரின்சிபால் சொன்னார். ரெஸ்ட்டுன்னா என்னன்னு தெரியாதவனா நான்? எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் வீடுதானுங்க. சோறு ஆக்குவேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு போடறதுன்னு இன்னும் கை பழகல. மீந்ததைப் பழைய சோறாக் குடிப்பேன். காத்தால எழுந்து யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசாம படுத்துட்ட நாளெல்லாம் உண்டு. மகளுக்கு ஒரு தடவை போன் போட்டேன். "கண்ணு, அம்மா உங்கிட்டச் சொல்ல மாட்டா. அவளுக்கு அங்க சரிப்படல, உள்ளுக்குள்ள வெச்சுட்டு இருக்கா. நீ கொஞ்சம் பார்த்து நடந்துக்க"ன்னேன். பதிலுக்கு மரகதம் குரல் கேக்குது. "நான் பக்கத்துலதானுங்க இருக்கேன். ஸ்பீக்கர்ல கெடக்குது." அதுக்கப்புறம் என் நம்பரைப் பார்த்தா எடுக்கறதில்ல. எடுத்தாலும், "கொழந்தை தூங்குது." அந்தக் கொழந்தை எப்பப் பாரு தூங்கிட்டேதான் இருக்குது. பேரு வெச்சதுகூட எனக்குத் தெரியாது. ஒரு ஒறம்பரைக்காரர் வாட்ஸ்அப்புல வாழ்த்துப் போட்டிருந்தார். எஸ்தர் மரகதமாம். பாட்டி பேரைச் சேர்த்து வெச்சிருக்கா பாருங்க, எம் மூஞ்சியில முழிக்காதன்னு சொன்ன மகராசி பேரை. நான் அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன் சார். சந்தோசந்தான். சந்தோசமும் இருந்துது.

மக வீட்டுக்கு வைஃபை நான்தான் போட்டுக் குடுத்திருந்தேன். ஈரோட்டுல ஒக்காந்தே அதுக்குள்ள போயிப் பார்க்கலாம். யாரு என்ன பார்க்கறாங்கன்னெல்லாம் பார்க்க மாட்டேன், சாமி சத்தியமா. யாரு போன் கனெக்ட் ஆயிருக்குதுன்னு மட்டும். மரகதம் போனுன்னு பேரு தெரியும். சரி, வீட்டுல இருக்கா, நல்லாருக்கான்னு தெரிஞ்சுக்குவேன். அதைப் பார்த்துட்டுத்தான் படுப்பேன். போன வாரம் போனா பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது. மறுபடி போடறேன், தப்புன்னு சொல்லுது. நானே வெச்ச பாஸ்வேர்டுங்க. அதுக்கு மேல என்னால வீட்டுல இருக்க முடியல. நேர்லயே போயிப் பார்த்துரலாம்னு கெளம்பிட்டேன்.

வேடசந்தூர் தாண்டிட்டோமா? அதுக்குள்ளயா? இந்தக் கண்டக்டர் இன்னும் கொஞ்சம் நின்னு நின்னு வந்தா என்ன.

சார், ஒரு ஒத்தாசை. உங்க போன்ல இருந்து ஒரு நம்பருக்குப் போட்டுச் சொல்ல முடியுங்களா? நான் பேசல. நான் பேசுனா நம்ப மாட்டாங்க. நீங்க யாரோதானே, உங்களுக்கு என்ன வந்துது, நீங்க சொன்னா நம்புவாங்க. சென்னியப்பன் திண்டுக்கல் வந்துட்டார், பஸ் ஸ்டாண்டுல நிப்பார், வீட்டுக்கு வரலாமான்னு கேக்கறார், அவ்வளவுதான். அழுதார்னெல்லாம் வேண்டாம். சமாதானமா எதையும் நீங்க சேர்க்க வேண்டாம். அவங்க என்ன சொல்றாங்களோ, ஒரு வார்த்தை மாத்தாம எங்கிட்ட அப்படியே சொல்லிருங்க. திட்டுனாலும் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்.

இந்தாங்க நம்பர். ரிங் போகுதுங்களா? எடுத்துட்டாங்களா? யாரு, மரகதமா, மகளா? சரி சரி, நான் பேசல, நீங்க பேசுங்க.

வெச்சுட்டீங்களா? இவ்வளவு நேரம் பேசுனாங்களே, என்ன சொன்னாங்க?

வரச் சொன்னாங்களா?

அவ்வளவுதானா? அத்தனை நேரம் நீங்க தலையாட்டிட்டுக் கேட்டீங்களே சார், முகமெல்லாம் ஒரு மாதிரி ஆச்சே. 'வரச் சொல்லுங்க'ன்னாளா, 'வந்தா வரட்டும்'னாளா? சாப்பிட்டுட்டு வரச் சொன்னாங்களா, அங்க வந்து சாப்பிடச் சொன்னாங்களா? இல்லீங்க, தோளைத் தட்டாதீங்க. நீங்க நல்ல மனுஷன், பஸ் ஏறுனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் பயமா இருக்குது. நெசமாவே வரச் சொன்னாங்களா சார், இல்ல, பாவம் இந்த ஆளு மனசு நோகக் கூடாதுன்னு நீங்களா சொல்றீங்களா?